மனோன்மணீயத்தை மேடையேற்றுவது எப்படி: பிரதி வெட்டுவது முதல் கடைசி ஒத்திகை வரை

செய்யுள் நாடகம் போடுகிறோம் என்று உற்சாகமாக ஆரம்பித்து, மூன்றாவது வாரத்திலேயே "பேசாமல் வசனமாக மாற்றிவிடலாமா" என்று கேட்கிற குழுக்களை நிறையப் பார்த்துவிட்டேன். காரணம் கேட்டால் பழைய தமிழ், யாருக்கும் புரியாது என்பார்கள். பழைய தமிழ் மேல் பழி போடுவது சுலபம். நான் பார்த்தவரை சிக்கல் வேலையின் வரிசையில் இருக்கிறது. அச்சில் இருக்கிறபடி அடியடியாக மனப்பாடம் செய்துவிட்டு, அப்புறம் அர்த்தம் தேடுகிறார்கள். அடியடியாக மனதில் ஏறியது அடியடியாகத்தான் வாயில் வரும், அதை அவிழ்ப்பதற்குள் நாடகத் தேதி வந்துவிடும்.

கல்லூரி மாணவர்களோடும், அலுவலகம் முடிந்து களைத்து வருகிறவர்களோடும் இந்த நாடகத்தை மூன்று தடவை மேடையேற்றியதில் தேறிய வரிசை இது. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மூலத்தை வைத்துத்தான் சொல்கிறேன். வேறு செய்யுள் நாடகத்தை எடுத்தாலும் வரிசை இதேதான், அளவுகள் மட்டும் மாறும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு பதிப்புகள் வேண்டும்: மூலத்தில் உள்ளபடி சந்தி சேர்ந்த பதிப்பு ஒன்று, சந்தி பிரித்து உரையோடு வந்தது ஒன்று. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தின் மின்பிரதி கிடைக்கும், வெட்டி ஒட்ட அது வசதி. ஆசிரியர் 1897-இல் மறைந்துவிட்டதால் மூலத்துக்குப் பதிப்புரிமைத் தொல்லை இல்லை, ஆனால் பிற்காலத்தில் ஒருவர் எழுதிய உரையையோ சுருக்கத்தையோ அப்படியே எடுத்து மேடையில் பேசாதீர்கள், அது அவருடையது.

பத்து வாரம், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம். இதற்குக் குறைவாக இருந்தால் முழு நாடகம் வேண்டாம், ஒரே ஒரு அங்கத்தை எடுங்கள். நடிகர்கள் பத்து பன்னிரண்டு பேர் இருந்தால் சின்னச் சின்ன வேடங்களை இரட்டித்துச் சமாளிக்கலாம். அப்புறம் யாப்பு தெரிந்த ஒரு தமிழாசிரியர். அவர் எல்லா நாளும் வர வேண்டியதில்லை, முதல் மூன்று வாரத்தில் நாலு தடவை வந்தால் போதும். ஒரு எச்சரிக்கை: அவரை நடிப்பைத் திருத்த விடாதீர்கள், நடிகர்கள் எல்லோரும் அவரைப் போலவே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

1. கதையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

பிரதியைக் கையில் எடுப்பதற்கு முன், ஒவ்வொரு நடிகரும் கதையைத் தன் சொந்தப் பேச்சில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரட்டும். பாண்டியன் ஜீவகன் தலைநகரை மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு மாற்றிக் கோட்டை கட்டுகிறான், அமைச்சன் குடிலன் சொல்வதை எல்லாம் நம்புகிறான், சுந்தர முனிவர் இளவரசி மனோன்மணிக்குச் சேரன் புருடோத்தமனைப் பேசி முடிக்கச் சொல்கிறார், தூது போக வேண்டிய ஆளை மாற்றித் தன் மகன் பலதேவனை அனுப்புகிற குடிலன் நாஞ்சில் நாட்டுத் தகராறைக் கிளப்பிக் கல்யாணப் பேச்சைப் போராக்கிவிடுகிறான். இப்படி.

எழுதச் சொல்வது எதற்கென்றால், யாருக்கு என்ன வேண்டும் என்பது இந்த ஒரு பக்கத்தில் வெளிப்பட்டுவிடும். குடிலனாக நடிப்பவர் "குடிலன் கெட்டவன்" என்று எழுதிவந்தால் திருப்பிக் கொடுங்கள். அவனுக்கு என்ன வேண்டும்? தன் மகன் அரியணை ஏற வேண்டும். அதைத்தான் நடிக்க முடியும், கெட்டதனத்தை நடிக்க முடியாது.

2. வெட்டுங்கள், தைரியமாக

ஐந்து அங்கம், இருபது களம், நாலாயிரத்துக்கு மேல் அடிகள். நிதானமாக, புரியும்படி பேசினால் நிமிடத்துக்குச் சுமார் பதினைந்து அடி போகும் என்பது என் கணக்கு. அப்படியே போட்டால் ஐந்து மணி நேரம். இது படிக்க எழுதப்பட்ட நாடகம், அதனால் வெட்டுவதில் குற்ற உணர்வு தேவையில்லை. தொண்ணூறு நிமிட நாடகத்துக்கு 1,350 அடி என்று கணக்கு வரும், ஆனால் மௌனம், நடமாட்டம், பாட்டு எல்லாம் நேரம் தின்னும் என்பதால் 1,100 அடிக்கு மேல் வைக்காதீர்கள்.

எதை வெட்டுவது? முனிவரின் சீடர்கள் நிட்டாபரரும் கருணாகரரும் செய்யும் தத்துவ விசாரம் படிக்கும்போது சுகமாக இருக்கும், மேடையில் கதை நின்றுவிடும். அதில் பத்துப் பதினைந்து அடி போதும். ஊர்மக்கள் பேசும் இடங்களையும் பாதியாக்கலாம்.

வெட்டவே கூடாத இரண்டு இடங்களைத்தான் புதியவர்கள் முதலில் வெட்டுவார்கள். ஒன்று, முதல் அங்கத்தில் சுந்தர முனிவர் கோட்டைக்குள் ஓர் அறையும் அதன் சாவியும் கேட்கிற இடம். பூசை விஷயம்தானே என்று தூக்கிவிட்டால் கடைசியில் அந்த அறைக்குள் திறக்கிற சுரங்கம் வானத்திலிருந்து குதித்த மாதிரி இருக்கும். இன்னொன்று கனவு. மனோன்மணியும் புருடோத்தமனும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே கனவில் கண்டவர்கள். எங்கள் முதல் மேடையேற்றத்தில் சேரன் பக்கத்துக் கனவை நேரம் கருதி நான் எடுத்துவிட்டேன். கடைசிக் களத்தில் நள்ளிரவில் சுரங்கம் வழியாக வந்து நிற்கிற அன்னியனுக்கு அவள் மாலை போட்டபோது பின்வரிசையில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடித்த பெண் பொறுப்பில்லை, நான்தான் பொறுப்பு.

வெட்டும்போது அடியாக வெட்டாமல் வாக்கியமாக வெட்டுங்கள். இதில் வாக்கியம் பெரும்பாலும் அடியின் நடுவில் முடியும், அதனால் முன்னால் இரண்டு சீர், பின்னால் இரண்டு சீர் என்று அரைகுறையாக மிஞ்சும். அந்த இரண்டையும் சேர்த்து நாற்சீர் அடியாக்க முடியுமா என்று பாருங்கள், பல இடங்களில் முடியும். முடியாத இடத்தில் அரை அடியை அப்படியே விட்டு, அங்கே ஒரு மௌனம் வையுங்கள்.

3. நடிப்புப் பிரதி தயாரித்தல்

பள்ளியில் பன்னிரண்டு வருடம் "நிலமடந்தைக் கெழிலொழுகும்" என்று பாடியவர்களிடம் 'கெழில்' என்றால் என்ன என்று கேட்டுப்பாருங்கள். முழிப்பார்கள். நிலமடந்தைக்கு எழில் ஒழுகும் என்று பிரித்து எழுதிக் காட்டியதும் "ஓ!" என்பார்கள். அந்த "ஓ" ஒத்திகையின் முதல் நாளிலேயே எல்லா அடிக்கும் வந்துவிட வேண்டும்.

மூல அடிகளை எடுத்துக் காட்டுவதைவிட, பயிற்சிக்கென்று நானே கட்டிய நான்கு அடிகளை வைத்துக் காட்டுகிறேன். நாடகத்தின் பெரும்பகுதி இருக்கும் அதே ஆசிரியப்பா நடைதான். கோட்டையில் ஒரு வீரன் அரசனிடம் பேசுகிறான்:

கோட்டை யுறுதி கொற்றவ! ஆயினும்
வாட்டமுற் றுள்ளநம் மறவரைக் கண்டிலை;
உண்டிலர் இரவெலாம், உறங்கிலர், உன்சொல்
கொண்டுயிர் தாங்கிக் கொத்தளங் காத்தனர்.

இதை நடிகர் கையில் கொடுக்கும்போது அடி அமைப்பைக் கலைத்து, சந்தி பிரித்து, மூச்சுக்கு ஒரு வரியாக இப்படி எழுதுங்கள்:

கோட்டை உறுதி, கொற்றவ.
ஆயினும் வாட்டமுற்று உள்ள நம் மறவரைக் கண்டிலை.
உண்டிலர் இரவெலாம்.
உறங்கிலர்.
உன் சொல் கொண்டு உயிர் தாங்கிக் கொத்தளம் காத்தனர்.

பக்கத்தின் இடது பாதியில் இது, வலது பாதியில் மூல அடிகள். இரண்டும் ஒரே தாளில் இருப்பது முக்கியம், ஏனென்றால் ஏழாவது படியில் மூலத்துக்குத் திரும்பப் போகிறோம். இடது பக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டால் நடிகர் அதையே வசனமாக்கிவிடுவார், 'கண்டிலை' கொஞ்ச நாளில் 'பார்க்கவில்லை' ஆகிவிடும்.

கடினச் சொற்களை மாற்றலாமா என்பது அடுத்த சண்டை. நான் முழு நாடகத்துக்கும் இருபது சொல் என்று வரம்பு வைத்துக்கொள்கிறேன், மாற்றும் சொல்லும் அதே அளவு அசை கொண்டதாக இருக்க வேண்டும். மனோன்மணியின் தோழி வாணியைக் காதலிக்கும் நடராஜன் தனியே நின்று நாங்கூழ்ப் புழுவைப் பார்த்துப் பேசுகிற இடம் இருக்கிறதே, அங்கே 'நாங்கூழ்' என்றால் யாருக்குத் தெரியும் என்று மண்புழுவாக்கத் துடிப்பார்கள். தேவையே இல்லை. அவன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஈர மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தால், அரங்கில் உள்ள எல்லோருக்கும் அது மண்புழுதான்.

4. உட்கார்ந்து வாசித்தல், இரண்டு வாரம்

யாரும் எழுந்து நிற்கக் கூடாது. ஒருவர் ஒரு வாக்கியம் வாசிப்பார், உடனே அதைத் தன் ஊர்ப் பேச்சில் சொல்வார், திரும்பவும் செய்யுளில் சொல்வார். "உண்டிலர் இரவெலாம்." "ராத்திரி பூரா ஒருத்தனும் சாப்பிடல." "உண்டிலர் இரவெலாம்." மூன்றாவது தடவை சொல்லும்போது குரல் தானாக மாறியிருக்கும், நடுவில் சொன்ன பேச்சின் ஏற்ற இறக்கம் செய்யுளுக்குள் புகுந்துவிடும். இந்தப் படியின் நோக்கம் அவ்வளவுதான்.

'கண்டிலை', 'உண்டிலர்' போன்ற எதிர்மறைகளில் கவனம் வேண்டும். கேட்பவர் காதில் 'இலை' மரத்து இலையாகத்தான் முதலில் விழும். முகத்திலோ கையிலோ ஒரு சின்ன மறுப்பு இருந்தால் போதும், புரிந்துவிடும். எங்கள் ஒத்திகைக்கு டீ கொண்டுவருகிற அண்ணன் ஒரு நாள் தட்டோடு நின்று இந்த இடத்தைக் கேட்டுவிட்டு, "யாருப்பா ராத்திரி சாப்பிடல?" என்றார். அன்றைக்கு அந்தப் பையனுக்கு ஒரு சமோசா அதிகம்.

5. மூச்சு எங்கே என்று முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் செய்கிற தவறுகளில் முதல் இடம் இதற்குத்தான்: அடி முடிகிற இடத்தில் எல்லாம் மூச்சு விடுவது. மேலே உள்ள மூன்றாவது அடியில் "உன்சொல்" என்று முடித்து நிறுத்தினால் 'அவர்கள் உன் சொல்லை உறங்கவில்லை' என்கிற மாதிரி ஒரு விபரீதம் காதில் விழும். கேட்பவர் அதைச் சரிசெய்ய யோசிக்கிற நேரத்தில் அடுத்த இரண்டு அடி போய்விடும், அதன் பிறகு அவர் நாடகத்துக்குள் திரும்பி வருவது கஷ்டம்.

எளிய பயிற்சி ஒன்று: நடிகர் அறையில் நேராக நடந்துகொண்டே பேச வேண்டும், வாக்கியம் முடிகிற இடத்தில் மட்டும் திரும்ப வேண்டும். அடி முடிவில் திரும்பினால் மறுபடி முதலிலிருந்து. பத்து நிமிடத்தில் உடம்புக்கே தெரிந்துவிடும். பிறகு பிரதியில் பென்சிலால் குறியுங்கள், சின்ன நிறுத்தத்துக்கு ஒரு கோடு, மூச்சுக்கு இரண்டு கோடு. பேனா வேண்டாம், இந்தக் கோடுகள் வாரத்துக்கு வாரம் இடம் மாறும்.

நான்காம் அங்கத்தில் போருக்குப் புறப்படும் முன் ஜீவகன் படையிடம் பேசுகிற இடத்தில் வாக்கியங்கள் நீளம். ஒரே மூச்சில் முடியாது. அங்கே வினையெச்சங்களில் நிறுத்தலாம், 'கொண்டு', 'தாங்கி' போன்ற இடங்களில் குரலை இறக்காமல் தூக்கி வைத்து நிறுத்தினால், இன்னும் வருகிறது என்று கேட்பவருக்குப் புரியும். குரலை இறக்கினால் வாக்கியம் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வார்.

6. இப்போது மனப்பாடம்

நான்காம் வாரத்துக்கு முன் யாரும் மனப்பாடம் செய்யக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொன்னாலும் ஓரிருவர் வீட்டில் உருப்போட்டுக்கொண்டு வருவார்கள், பள்ளிக்கூட மனப்பாடச் செய்யுள் பழக்கம், என்ன செய்வது. அவர்களிடம் ஏதாவது ஒரு வாக்கியத்தை நடுவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முடியாது. முதல் அடியிலிருந்து ஓடிவந்தால்தான் முடியும். அப்படிப்பட்டவர் மேடையில் ஒரு சொல் தவறினால் மொத்தமும் போய்விடும்.

மனப்பாடம் இடது பக்கத்து மூச்சு வரிகளில் நடக்கட்டும், அசைவோடு நடக்கட்டும். ஜீவகன் எங்கே நாற்காலியை விட்டு எழுகிறானோ அந்த வாக்கியத்தை எழுந்துகொண்டே கற்க வேண்டும்.

7. யாப்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள்

ஆறாவது வாரம் வாக்கில் நாடகம் நன்றாகப் புரியும், ஆனால் தட்டையாக இருக்கும். கொஞ்சம் விசித்திரமான உரைநடை மாதிரி. இங்கேயே நிறுத்திவிடுகிற குழுக்கள் உண்டு, அது பெரிய நஷ்டம், இவ்வளவு பாடுபட்டுச் செய்யுளை எடுத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

இப்போது வலது பக்கத்தைத் திறங்கள். சீருக்கு ஒரு தட்டாகத் தொடையில் தட்டிக்கொண்டு பேசச் சொல்லுங்கள், அடிக்கு நான்கு தட்டு. இரண்டு நாள் இயந்திரம் மாதிரி இருக்கும், பரவாயில்லை. மூன்றாம் நாள் தட்டை நிறுத்திவிட்டுப் பேசச் சொன்னால், வாக்கியம் தன் போக்கில் போகும், அடியில் நாற்சீர் நடை ஓடிக்கொண்டிருக்கும். சொல்லி விளக்க முடியாத ஒரு இறுக்கம் வரும்.

மோனை எதுகையையும் இந்தக் கட்டத்தில்தான் காட்ட வேண்டும். உண்டிலர், உறங்கிலர், உன்சொல் என்று மூன்று 'உ' வருகிறது. மூன்றையும் ஒரே அழுத்தத்தில் சொன்னால் பட்டிமன்றம் மாதிரி ஆகிவிடும். முதல் இரண்டையும் அடக்கி வாசித்து மூன்றாவதை நிமிர்த்திப் பாருங்கள், "உன் சொல்" அரசன் மேல் போய் விழும். எதுகையைத் தனியாக அழுத்தவே வேண்டாம், கோட்டை, வாட்டம் இரண்டும் தெளிவாகக் காதில் விழுந்தால் அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இந்தச் சமயத்தில்தான் பழைய சினிமா வசனக் குரலும் எட்டிப் பார்க்கும். செய்யுள் என்றாலே நெஞ்சை நிமிர்த்தி, சொல்லின் வாலை இழுத்து முழங்க வேண்டும் என்று நம் எல்லோருக்கும் ரத்தத்தில் இருக்கிறது. ஒரு மருந்து: அதே காட்சியை, பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்று வைத்துக்கொண்டு, கிசுகிசுப்பாக ஒரு தடவை நடத்துங்கள். முழக்கம் இறங்கிவிடும், அர்த்தம் நிற்கும். ழகரம், ளகரம், றகரம் எல்லாம் யாரிடம் வழுக்குகிறது என்பதும் கிசுகிசுப்பில் பட்டென்று தெரியும்.

8. தனிமொழி யாரிடம்?

தனியாகப் பேசுகிற இடங்கள் இதில் நிறைய. எல்லாவற்றையும் கூரையைப் பார்த்துப் பேசினால் செத்தோம். ஒவ்வொன்றுக்கும் கேட்பவர் யார் என்று முடிவு செய்யுங்கள். குடிலனுக்குப் பார்வையாளர்தான் கூட்டாளி, நேராக அவர்கள் கண்ணைப் பார்த்துத் திட்டத்தைச் சொல்லட்டும், தெருக்கூத்துக் கட்டியங்காரன் பேசுகிற உரிமையோடு. நடராஜனுக்குக் கேட்பது புல்லும் புழுவும். தோற்றுத் திரும்பிய ஜீவகன் தன்னோடுதான் பேசுகிறான், அங்கே அவன் யாரையும் பார்க்கக் கூடாது.

9. பாட்டுகள், ஒரு சங்கடமும்

வாணி பாடுவதாக வரும் சிவகாமி சரிதையை முழுதாக வைக்க நேரம் இருக்காது. ஆறேழு பாட்டு எடுத்து, மெட்டைச் சாதாரணமாக வையுங்கள். ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடிச் சங்கதி போட ஆரம்பித்தால் சொல் கேட்காது.

சங்கடம் வேறு. நூலின் தொடக்கத்தில் உள்ள தமிழ்த் தெய்வ வணக்கத்தின் பகுதிதான் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது, 55 விநாடியில் பாட வேண்டும், பாடும்போது எழுந்து நிற்க வேண்டும். ஆகவே நாடகத்துக்குள் யாராவது அதைப் பேசினாலோ பாடினாலோ அரங்கில் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள், மீதிப் பேர் எழுவதா வேண்டாமா என்று பக்கத்தில் பார்ப்பார்கள், காட்சி அவ்வளவுதான். நிகழ்ச்சியின் முறைப்படி முதலில் பாடி முடித்துவிடுங்கள், எல்லோரும் உட்கார்ந்து அரை நிமிடம் கழித்து நாடகத்தைத் தொடங்குங்கள்.

10. மேடையும் கடைசி இரண்டு வாரமும்

கோட்டை, சுரங்கம் என்று செட் போட ஆசைப்படாதீர்கள். ஒரு கதவுச் சட்டமும் இரண்டு மரப்படியும் போதும். பணம் இருந்தால் ஒலிக்குச் செலவிடுங்கள். மேடை விளிம்பில் வைக்கிற மைக் முகம் திரும்பியதும் சொல்லைக் கோட்டைவிடும், காலர் மைக்கில் நகை உரசும். ஜீவகனின் ஆரம் மைக்கில் தட்டித் தட்டி முக்கால் மணி நேரம் கொட்டு வாசித்ததைக் கேட்ட பிறகு, நகையைத் துணியில் தைத்து ஒட்டவைக்கச் சொல்லிவிட்டேன். முந்நூறு இருக்கைக்குள் என்றால் மைக் இல்லாமலே பழக்குங்கள். வாய் அசைவது தெரிந்தால் பழைய சொல்லும் பிடிபடும், அதனால் முகத்தில் வெளிச்சம் குறையவே கூடாது.

திரையில் பொழிப்புரை ஓட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். ஓட்டினால் எல்லோரும் அதைத்தான் படிப்பார்கள். அதற்குப் பதில், அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஐந்து வரிக் கதையும், யார் யார் என்ன உறவு என்பதும் இருக்கட்டும்.

நாடகத்துக்குப் பத்து நாள் முன், நூலைப் படித்திராத பத்துப் பேரை ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள். நண்பர்களைக் கூப்பிட்டால் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், அதனால் மூன்றே கேள்வி வையுங்கள்: பலதேவன் எதற்காகச் சேர நாட்டுக்குப் போனான்? முனிவர் ஏன் அறை கேட்டார்? குடிலன் கையில் கடைசியில் ஏன் விலங்கு? முதல் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் தூதுக் காட்சியில் பலதேவன் வேகமாகப் பேசுகிறான் என்று பொருள், இரண்டாவதற்கு வரவில்லை என்றால் நீங்கள் எங்கேயோ அதிகமாக வெட்டிவிட்டீர்கள். மூன்றாவது வரவில்லை என்றால் பெரும்பாலும் நாடகம் நீளம், அந்த இடம் வருவதற்குள் தூங்கிவிட்டார்கள்.

முதல் நாள் நிகழ்ச்சியன்று ஒருவரைப் பிரதியோடு பின்வரிசையில் உட்கார வையுங்கள். எந்த அடியில் இருமல் சத்தம் கேட்டது, எந்த அடியில் செல்போன் வெளிச்சம் தெரிந்தது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வரட்டும். இரண்டாம் நாளுக்குள் அங்கே இருபது அடி குறைத்துவிடலாம்.